காலிப் பெட்டிகள் நிற்கும் இடம்

முதல் கன்டெய்னரை நான் பார்க்காமலே வாங்கினேன். விற்றவர் நான்கு படங்கள் அனுப்பினார். பக்கவாட்டில் இரண்டு, கதவு ஒன்று, உள்ளே தரை ஒன்று. நீல வண்ணம் அங்கங்கே உரிந்திருந்தது. மற்றபடி திடமாகத்தான் தெரிந்தது. மரவேலைப் பட்டறைக்குப் பக்கத்தில் பலகைகளை அடுக்கிவைக்க ஓர் இருபதடிப் பெட்டி போதும் என்பது என் கணக்கு. பணம் அனுப்பினேன், லாரி வந்தது, பெட்டி இறங்கியது. மூன்றாவது வாரம் மழை பெய்தது. மறுநாள் காலை கதவைத் திறந்தால், ஒரு வருடம் நிழலில் உலர்த்திய பலகைகளின் மேல் வரிசை முழுக்க ஈரம். கூரையின் ஒரு மூலையில் யாரோ தகடு வைத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். அந்தப் பற்றவைப்பின் ஓரம் விட்டுப்போயிருந்தது. அந்த மூலை நான்கு படங்களில் ஒன்றில்கூட இல்லை.

விற்றவரைத் தொலைபேசியில் பிடித்து இரண்டு குறை சொன்னேன். ஒன்று கூரை. இன்னொன்று, வலது கதவு முழுதாக மூடவில்லை, தாழ்க்கம்பியைத் தோளால் முட்டித் தள்ள வேண்டியிருக்கிறது. கூரைக்கு அவர் பதிலே சொல்லவில்லை. கதவு விஷயத்தில் தவறு என்னுடையது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது பெட்டிக்கு நானே கிளம்பிப் போனேன். இந்த முறை நாற்பதடி, உயரமான வகை. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, ரயில் தடமும் நெடுஞ்சாலையும் சேரும் இடத்தில் இருக்கும் ஒரு சரக்கு முனையம். இப்படிப்பட்ட இடங்களை உலர்துறைமுகம் என்பார்கள். கப்பல் இல்லை, அலை இல்லை, ஆனால் துறைமுகத்தில் நடக்கும் வேலை எல்லாம் நடக்கும். சுங்கச் சோதனை, பெட்டி இறக்குதல், ஏற்றுதல், பழுது பார்த்தல், அடுக்கிவைத்தல். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது காலிப் பெட்டிகளின் சுவர். ஐந்து, ஆறு உயரத்துக்கு அடுக்கி, தெருத் தெருவாக நின்றன. பெட்டிகளின் நிலையைச் சோதித்துச் சொல்லும் கன்டெய்னர் சர்வேயராகப் பல ஆண்டுகள் இருந்த ஒரு பெரியவர் அன்று என்னோடு வந்தார். நான் கேட்ட முதல் கேள்வி, கடலே இல்லாத இடத்தில் ஏன் இவ்வளவு கடல்பெட்டிகள் என்பதுதான்.

"இதெல்லாம் சரக்கோட வந்த பெட்டிங்க தம்பி. திரும்பிப் போக சரக்கு கிடைக்கல" என்றார்.

பழைய கன்டெய்னர் வாங்க நினைக்கும் யாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று இப்போது நம்புகிறேன். துருவையும் நெளிவையும் பார்ப்பதற்கு முன்னால், இந்தப் பெட்டி ஏன் இங்கே நிற்கிறது என்று கேட்க வேண்டும். பொருள்களை அதிகம் வாங்கும் உள்நாட்டு நகரங்களுக்குக் கன்டெய்னர்கள் நிரம்பி வருகின்றன. துணி, மின்பொருள், மேசை நாற்காலி, உதிரிபாகம் என்று எல்லாம் இறங்கிவிடும். அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப அதே அளவு சரக்கு இருக்காது. கப்பல் நிறுவனமோ, பெட்டியை வாடகைக்கு விடும் நிறுவனமோ அதைக் காலியாகவே ரயிலில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கப்பலில் ஏற்றி, ஏற்றுமதி நடக்கும் நாட்டுக்குத் திருப்ப வேண்டும். காலிப் பெட்டிக்கும் ரயில் இடம் வேண்டும், கிரேன் வேண்டும், கப்பலில் இடம் வேண்டும். செலவு உண்டு, வரவு இல்லை.

பெட்டி புதிதாக இருந்தால் அந்தச் செலவைச் செய்வார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கடலில் அலைந்த பெட்டி என்றால் கணக்கு மாறுகிறது. திருப்பி அனுப்பும் செலவையும் பழுது பார்க்கும் செலவையும் கூட்டிப் பார்ப்பார்கள். அது நிற்கும் இடத்திலேயே விற்றுவிடலாம் என்று முடிவாகும். ஆகவே நாம் கொடுக்கும் விலையில் இரும்பின் விலை மட்டும் இல்லை, அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம் என்ற முடிவும் இருக்கிறது. ஒரே வயதுள்ள, ஒரே வகைப் பெட்டி ஒரே நாளில் இரண்டு நகரங்களில் இரண்டு விலைக்குப் போவது இதனால்தான். சிகாகோ, மெம்பிஸ் போன்ற அமெரிக்க உள்நாட்டு மையங்களும், உலகின் மிகப் பெரிய உள்நாட்டுத் துறைமுகம் என்று பெயர்பெற்ற ஜெர்மனியின் டியூயிஸ்பர்க்கும் பெட்டிகள் வந்து சேரும் இடங்கள். ஆனால் உள்நாடு என்றாலே மலிவு என்று எண்ணிவிடக் கூடாது. தானியமோ காகிதமோ அதிகம் ஏற்றுமதியாகும் உள்நாட்டு ஊரில் காலிப் பெட்டிக்குத் தட்டுப்பாடு இருக்கும். அங்கே ஓட்டைப் பெட்டிக்கும் நல்ல விலை சொல்வார்கள்.

நிலைமை தலைகீழாகவும் மாறும். 2020, 2021 ஆண்டுகளில் கப்பல் கட்டணம் விண்ணைத் தொட்டபோது, ஆசியாவில் ஒரு காலிப் பெட்டி கிடைத்தால் போதும் என்ற நிலை. அமெரிக்க உள்நாட்டில் சோயா ஏற்றக் காத்திருக்கக்கூடப் பொறுமையில்லாமல் நிறுவனங்கள் காலிப் பெட்டிகளைக் கடலுக்குத் திருப்பின. விற்க வைத்திருந்த பழைய பெட்டிகளும் மறுபடி சரக்குக்குப் போயின. அவசரமில்லாதவர்கள் அப்படிப்பட்ட காலத்தில் காத்திருப்பது நல்லது.

சரி, பெட்டிகளை அடுக்கிவைத்திருந்த அந்த யார்டுக்கு வருவோம்.

பெரியவர் ஒரு பெட்டியின் அருகே போனதும் சுவரைத் தட்டவில்லை, கதவைத் திறக்கவில்லை. கதவில் இருந்ததைப் படிக்க ஆரம்பித்தார். கன்டெய்னரை ஒரு புத்தகம் போலப் படிக்கலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அது படிக்கும்படி இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற லாரித் தொழிலதிபர் ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அவருக்கு, கிரேன் பெட்டியைப் பிடித்துத் தூக்கும் மூலை இணைப்பை வடிவமைத்துக் கொடுத்தவர் கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர். அப்போது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அளவு. ஒருவருடைய கிரேன் இன்னொருவருடைய பெட்டியைத் தூக்காது. மெக்லீன் நிறுவனம் அந்த மூலை இணைப்பின் காப்புரிமையை எல்லோரும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. 1960களின் கடைசியில் சர்வதேசத் தர அளவுகள் வர ஆரம்பித்தன. இன்று உலகில் எந்தத் துறைமுகத்திலும் எந்தக் கிரேனும் எந்தப் பெட்டியையும் தூக்குகிறது. அந்த விட்டுக்கொடுத்தல் மட்டும் நடக்காமல் இருந்தால், என் பட்டறையில் இப்போது நிற்பது அதன் முதலாளியைத் தவிர யாருக்கும் பயன்படாத ஒரு பெட்டியாக இருந்திருக்கும். அந்த மனிதர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கதவில் முதலில் படிக்க வேண்டியது எண். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு கட்டத்துக்குள் ஓர் இலக்கம். முதல் மூன்று எழுத்தும் உரிமையாளரின் குறி. பாரிஸில் இருக்கும் சர்வதேசக் கன்டெய்னர் பதிவகம் அதைக் கொடுக்கிறது. நான்காவது எழுத்து சாதாரணச் சரக்குப் பெட்டி என்றால் யூ. கட்டத்துக்குள் இருப்பது சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளுக்கு 10இலிருந்து மதிப்புக் கொடுத்துக்கொண்டு போக வேண்டும், 11, 22, 33 ஆகிய மூன்றை மட்டும் தாண்டிவிட வேண்டும். ஏ 10, பி 12, சி 13 என்று போகும். பிறகு முதல் இடத்தை 1ஆல், அடுத்ததை 2ஆல், அதற்கடுத்ததை 4ஆல், இப்படியே இரட்டித்துக்கொண்டு பத்தாவது இடத்தை 512ஆல் பெருக்கி எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கட்டத்துக்குள் இருக்கும் இலக்கம். மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள். இதை விளக்கும்போது எல்லோரும் காட்டும் உதாரணம் சிஎஸ்கியூயூ 305438. கூட்டினால் 6185, மீதி 3. ஆகவே முழு எண் சிஎஸ்கியூயூ 3054383.

இது எதற்கு என்று கேட்பீர்கள். பழைய கன்டெய்னர் விற்பனையில் போலிகள் நிறைய. இல்லாத பெட்டிக்குப் படம் காட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறவர்கள் உண்டு. எந்தப் பெட்டி என்று எண்ணைக் கேளுங்கள். வாயில் வந்ததைச் சொன்னால் பெரும்பாலும் கணக்கு உதைக்கும். கணக்குச் சரியாக வருவதால் மட்டும் விற்பவர் நேர்மையானவர் என்று ஆகிவிடாது. ஆனால் கணக்குத் தவறினால் அங்கேயே நின்றுவிடலாம். காகிதமும் பேனாவும் போதும்.

எண்ணுக்குக் கீழே இன்னொரு சிறிய குறி இருக்கும். 22ஜி1 என்றால் எட்டரை அடி உயரமுள்ள இருபதடிப் பெட்டி. 42ஜி1 அதே உயரத்தில் நாற்பதடி. 45ஜி1 என்றால் ஒன்பதரை அடி உயரம், நாற்பதடி. இந்த உயரமான வகைக்கு மேல் ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்திருப்பார்கள், பாலத்துக்கு அடியில் போகும் ஓட்டுநருக்கான எச்சரிக்கை அது. உள்ளே வேலை செய்யப்போகிறீர்கள், விளக்கு மாட்டப்போகிறீர்கள், கூரைக்குத் தடுப்பு போடப்போகிறீர்கள் என்றால் அந்தக் கூடுதல் ஓரடி பெரிய விஷயம். வெறும் சாமான் அடுக்க என்றால் தேவையில்லை.

இடது கதவில் தாழ்வாக ஓர் உலோகத் தகடு. பாதுகாப்பான கன்டெய்னர்களுக்கான 1972ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பொருத்துவது. சுருக்கமாக சிஎஸ்சி தகடு. தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச மொத்த எடை, அடுக்கும்போது தாங்கும் சுமை எல்லாம் அதில் இருக்கும். விற்பவர் வாயால் சொல்லும் வயதை விட்டுவிட்டு இந்தத் தகட்டைப் பாருங்கள். தயாரித்து ஐந்து வருடத்துக்குள் முதல் சோதனை, அதன்பின் 30 மாதத்துக்கு ஒருமுறை சோதனை என்பது விதி. நிறுவனமே தொடர்சோதனைத் திட்டம் வைத்திருந்தால் அதற்கென ஒரு குறி இருக்கும். பெட்டியில் சரக்கேற்றிக் கப்பலில் அனுப்பப்போகிறவருக்கு இந்தச் சோதனை உயிரோடு இருக்க வேண்டும். என்னைப் போல் ஓரிடத்தில் நிறுத்திவைக்கப் போகிறவருக்குச் சோதனைத் தேதி கடந்தாலும் பரவாயில்லை. அதே தகட்டுக்கு அருகில் தரைப்பலகைக்கு என்ன பூச்சிமருந்து போட்டார்கள் என்ற விவரமும் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மனிதர் உட்காரப்போகிறார் என்றால் அது முக்கியம்.

தரம் பற்றிய பேச்சு விற்பவர்களிடம் ஏராளம். ஒன்-டிரிப் என்றால் தொழிற்சாலையிலிருந்து, பெரும்பாலும் சீனாவிலிருந்து, ஒரே ஒரு முறை சரக்கோடு வந்து இறங்கிய புதுப்பெட்டி. கார்கோ வொர்த்தி என்றால் இன்னும் சரக்கேற்றத் தகுதியுள்ளது. விண்ட் அண்ட் வாட்டர் டைட் என்றால் காற்றும் தண்ணீரும் புகாதது, கடல்பயணத்துக்கு உத்தரவாதம் இல்லை. அஸ்-இஸ் என்றால் எப்படி நிற்கிறதோ அப்படியே, பிறகு பேச்சே கிடையாது. ஓர் எச்சரிக்கை மட்டும். என் முதல் பெட்டியும் காற்றும் தண்ணீரும் புகாதது என்ற பெயரில்தான் வந்தது.

இப்போது உடம்பைப் பார்ப்பது. நான் அன்று கற்றுக்கொண்டதில் பாதி இதில்தான் இருக்கிறது.

கன்டெய்னரின் சுவர் மெலிது. பக்கத் தகடு பல இடங்களில் 1.6 மில்லிமீட்டர்தான், கூரை 2 மில்லிமீட்டர். நெளிநெளியாக மடித்திருப்பதால்தான் அதற்கு விறைப்பு. பாரத்தைச் சுமப்பது சட்டகம். நான்கு மூலைத் தூண்கள், மேலும் கீழும் ஓடும் நீளச் சட்டங்கள், தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் விட்டங்கள். ஆகவே சுவரில் கை அகலத்துக்கு ஒரு குழி இருந்தால் கவலை வேண்டாம், அது கடலில் உழைத்த அடையாளம். மூலைத் தூண் வளைந்திருந்தால், கீழ்ச் சட்டம் துருவில் உப்பியிருந்தால், அந்தப் பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். பெரியவர் கையில் ஒரு சின்னச் சுத்தியல் வைத்திருந்தார். நல்ல இரும்பில் தட்டினால் கணீர் என்றது. துரு தின்ற இடத்தில் தட்டினால் மொத்தென்று அமுங்கியது. கன்டெய்னர் செய்யும் எஃகு, மேற்பரப்பில் படியும் துருவே மேலும் துரு பிடிக்காமல் காக்கும் வகை. அதனால் வண்ணம் போன இடத்தில் செம்பழுப்புப் படலம் இருப்பது நோய் அல்ல. செதில் செதிலாக, அப்பளம் போல் உரிந்து வந்தால்தான் நோய்.

அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பெட்டி தரையில் இருக்கும்போது பார்க்கவும் முடியாது. பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டி அதைத் தூக்கும் அரை நிமிடத்தில் தள்ளி நின்று பார்க்க வேண்டும். தூக்கிய பெட்டியின் அடியில் ஒருபோதும் போகாதீர்கள், டார்ச் அடித்து எட்ட நின்றே பார்க்கலாம். குறுக்கு விட்டங்கள் நேராக இருக்கின்றனவா, பலகை தொங்குகிறதா என்பது தெரிந்துவிடும். நான் பார்த்த மூன்றாவது பெட்டியில் வெளியே எல்லாம் பளபளப்பு. தூக்கியதும் நான்கு விட்டங்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்கு நடந்தார்.

கதவைத் திறந்ததும் உடனே உள்ளே நுழையக் கூடாது. ஏற்றுமதிச் சரக்கில் பூச்சி கொல்ல மெத்தில் புரோமைடு, பாஸ்பீன் போன்ற நச்சுவாயு அடிப்பது வழக்கம். இரண்டு கதவையும் விரித்துக் காற்றோட விட வேண்டும். பிறகு மூக்கை நம்ப வேண்டும். எண்ணெய், தோல், மருந்து வாடை தரைப்பலகையில் ஊறியிருந்தால் கழுவினாலும் போகாது. தரை 28 மில்லிமீட்டர் தடிமனான ஒட்டுப்பலகை. மரவேலைக்காரனாக எனக்கு அதைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. பல டன் எடையுள்ள ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஏறி இறங்க வேண்டும் என்றே செய்த பலகை அது. ஓரங்களில் அடுக்கு பிரிந்திருக்கிறதா, எங்கேனும் கால் வைத்தால் மிதக்கிறதா என்று முழு நீளமும் நடந்து பார்க்க வேண்டும்.

அப்புறம் இருட்டுச் சோதனை. நம்பிக்கையான ஒருவர் வெளியே நிற்க, நாம் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்ல வேண்டும். முதல் நிமிடம் ஒன்றும் தெரியாது. கண் பழகியதும் ஓட்டைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். அன்று நான் நுழைந்த முதல் பெட்டியில் கூரை மூலை அருகே ஏழு புள்ளிகள் எண்ணினேன். கிரேனின் பிடி மூலைத் துளையில் சரியாக உட்காராமல் பக்கத்துத் தகட்டில் இறங்கினால் அந்த இடம்தான் அடிபடும் என்று பெரியவர் வெளியிலிருந்தே சொன்னார். என் பலகைகள் நனைந்த மூலையும் அதேதான். ஐந்தாவது பெட்டியில் கண் பழகி, இன்னும் கொஞ்ச நேரம் நின்றும், காற்றுத்துளைகளின் மங்கல் தவிர வேறு வெளிச்சமே இல்லை. இருட்டில் நின்றபடியே இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

கதவுகளை விட்டுவிடக் கூடாது. எப்போதும் வலது கதவுதான் முதலில் திறக்கும், அது இடது கதவின் மேல் படிந்து மூடும்படி இருக்கும். சுற்றிலும் ஓடும் ரப்பர் கேஸ்கெட் வெடித்திருந்தால் மாற்றலாம், ஆனால் அது வேலை. நான்கு தாழ்க்கம்பிகளும் ஒருவர் கைப்பலத்தில் சுழல வேண்டும்.

வியாபார முறையில் ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு நேரம் பிடித்தது. யார்டு நடத்துபவர் வேறு, பெட்டியின் உரிமையாளர் வேறு, நமக்கு விற்பவர் பெரும்பாலும் மூன்றாவது ஆள். பணம் கட்டியதும் விற்பவர் நமக்குத் தருவது ஒரு ரிலீஸ் எண். லாரி ஓட்டுநர் அந்த எண்ணை வாசலில் காட்டினால் யார்டுக்காரர் பெட்டியை ஏற்றிவிடுவார். எந்தப் பெட்டி? குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் அந்த வகையில் அடுக்கின் மேலே எது இருக்கிறதோ அது. கீழே இருப்பதுதான் வேண்டும் என்றால் மேலே இருப்பவற்றை எடுத்து வைக்கக் கூலி உண்டு. அந்தக் கூலி எனக்கு உறுத்தவே இல்லை. ரிலீஸ் எண்ணுக்குக் கெடுவும் உண்டு, கடந்தால் நாள் வாடகை ஓட ஆரம்பிக்கும். ஆகவே லாரியை உறுதி செய்த பிறகே பணம் கட்டுவது நல்லது.

இன்னொன்று சுங்கவரி. நாடுவிட்டு நாடு வரும் கன்டெய்னர் பெரும்பாலும் தற்காலிக அனுமதியில்தான் உள்ளே வருகிறது, திரும்பிப் போய்விடும் என்ற கணக்கில். அதனால் வரும்போது அதற்கு வரி கட்டுவதில்லை. உள்நாட்டில் விற்றால் அந்தக் கணக்கை முடிக்க வேண்டும், வரி உண்டென்றால் கட்ட வேண்டும். எந்த நாட்டில் என்ன விதி என்பது வேறுபடும். ஆனால் பெட்டி எண் போட்ட விற்பனைச் சீட்டும், சுங்கக் கணக்கு முடிந்ததற்கான தாளும் இல்லாமல் பெட்டியை எடுத்துவரக் கூடாது. பின்னால் ஒரு நாள் அதை நீங்கள் விற்கப்போகும்போது முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கொண்டுவந்து இறக்குவது வாங்குவதில் பாதி. காலி இருபதடிப் பெட்டியே இரண்டு டன்னுக்கு மேல். என் நாற்பதடி உயர வகை கிட்டத்தட்ட நான்கு டன், நீளம் 12.192 மீட்டர். சாய்த்து இறக்கும் லாரி என்றால் லாரியின் நீளமும் பெட்டியின் நீளமும் சேர்ந்த அளவுக்கு நேர்க்கோட்டில் இடம் வேண்டும். மேலே மின்கம்பி இருக்கக் கூடாது. கதவு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை யார்டில் ஏற்றும்போதே சொல்லிவிட வேண்டும், இறக்கும் இடத்தில் நாற்பதடிப் பெட்டியைத் திருப்ப முடியாது. பொதுவாக இருபதடிப் பெட்டிகளில்தான் ஃபோர்க்லிஃப்ட் நுழையும் துளை கீழே இருக்கும். நாற்பதடியை அப்படி நகர்த்தலாம் என்று நம்பி இறங்காதீர்கள்.

இப்போது அந்த முதல் பெட்டியின் கதவு. பெட்டி நிற்பது கீழ் மூலைகளில் இருக்கும் நான்கு இரும்பு வார்ப்புகளின் மேல். அதில் ஒன்று ஓரிரு விரல் தாழ்ந்தாலும் முழுச் சட்டகமும் திருகிக்கொள்ளும், கதவு நிலைச்சட்டம் சாய்சதுரமாகிவிடும். என் முதல் பெட்டியை வெறும் மண்ணில் இறக்கியிருந்தேன், மழையில் ஒரு மூலை அமிழ்ந்திருந்தது. பெரியவர் சொன்ன பிறகு ஜாக்கி வைத்து அந்த மூலையை உயர்த்தி, கீழே இரும்புத் தகடுகள் செருகினேன். கதவு ஒரு கையில் மூடியது. அன்றே விற்றவரை அழைத்து, கதவு பற்றி நான் சொன்னது தவறு, கூரை பற்றிச் சொன்னது இன்னும் நிற்கிறது என்று சொன்னேன். இரண்டாவது பெட்டிக்கு முன்கூட்டியே நான்கு கான்கிரீட் மேடைகள் கட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல ஆசை. இந்தப் பெட்டிகளின் பலம் மூலைகளில் இருக்கிறது. பல தகடுகளில் அடுக்கும் சுமை 192,000 கிலோ என்று இருக்கும், அது முழுக்கத் தூண்கள் தாங்குவது. கூரைக்கான சோதனையோ 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் பரப்பில் 300 கிலோ, அவ்வளவுதான். பெட்டியை மண்ணில் புதைத்து நிலவறை ஆக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஈர மண்ணின் பக்க அழுத்தம் அந்த மெல்லிய சுவரை உள்ளே தள்ளிவிடும். உள்ளே ஆள் இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். சன்னலுக்கோ கதவுக்கோ சுவரை வெட்டினால், வெட்டிய விளிம்பைச் சுற்றி இரும்புச் சட்டம் பற்றவைத்துவிடுங்கள்.

ஓட்டையே இல்லாத பெட்டியிலும் ஈரம் வரும். பகலில் உள்ளே சூடாகும் காற்றில் இருக்கும் ஈரம், இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் அதில் நீராகப் படிந்து சொட்டும். கன்டெய்னர் மழை என்றே அதற்குப் பெயர். பெட்டியில் இருக்கும் சின்னக் காற்றுத்துளைகள் போதாது. எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரமாகவும், பெரிய காற்றுப்போக்கி வைத்தேன். பலகைகளுக்கு அடியில் கட்டை கொடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கினேன். ஈரப்பதமானியை மாதம் ஒருமுறை பார்க்கிறேன். பலகைகள் நன்றாக இருக்கின்றன.

வண்ணம் அடிக்கும் வேலை கடைசியில் வந்தது. பெட்டி கைமாறினால் பழைய உரிமையாளரின் குறியை அழித்துவிட வேண்டும், அந்த எண்ணோடு அது மறுபடி சரக்குப் பயணம் போகக் கூடாது என்பது முறை. விற்றவர் பக்கவாட்டில் அழித்திருந்தார், கதவில் விட்டிருந்தார். தூரிகையை நனைத்துவிட்டு நின்றேன். 13 வருடம் எத்தனையோ கப்பல்களில், ரயில்களில், லாரிகளில் இந்த எண்ணை யாரோ படித்து, எழுதி, சரிபார்த்திருப்பார்கள். பாக்கெட்டில் இருந்த பென்சிலை எடுத்து ஒரு பலகைத் துண்டில் எழுத்துகளுக்கு மதிப்புப் போட்டு, இரட்டித்துக்கொண்டே போய், கூட்டி, 11ஆல் வகுத்தேன். மீதி 7 வந்தது. கட்டத்துக்குள்ளும் 7. அதன்பிறகு வண்ணம் அடித்தேன்.